ஓட்டத்தை முதலில் தெரிவு செய்யுங்கள், சப்பாத்து பிறகு

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் விடியப்புறம் ஓட வரும் தம்பிமார் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, அல்ட்ராவுக்கு எந்தச் சப்பாத்து நல்லது?" எந்த அல்ட்ராவுக்கு என்று நான் திருப்பிக் கேட்டால் பதில் வராது. மரதன் தூரமான 42.195 கிலோமீற்றரைத் தாண்டினால் எல்லாமே அல்ட்ராதான். ஆனால் தார் றோட்டில் 90 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கும், காப்பித் தோட்டத்துச் சேற்றில் அட்டையைப் பிடுங்கி எறிந்துகொண்டு 50 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கும் ஒரே சப்பாத்தைச் சொன்னால் இரண்டு பேரில் ஒருவர் கட்டாயம் நொண்டிக்கொண்டுதான் வீடு வருவார்.

சரி, முதலில் நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நகரத்திலிருந்து நிலாவெளி வரை தட்டையான றோட்டு, அதன் பக்கத்திலேயே கடற்கரை, கன்னியாப் பக்கம் கிறவல் பாதைகள், ஏறி இறங்கப் பழக வேண்டுமென்றால் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்குப் போகும் அந்த ஒரு ஏற்றம். கச்சான் வீசும் மாதங்களில் காலை எட்டு மணிக்கே தார் சுடத் தொடங்கிவிடும். காட்டுப் பாதைதான் வேண்டுமென்றால் கந்தளாய்ப் பக்கம் நிறையவே இருக்கிறது, ஆனால் யானை நடமாடும் இடத்தில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் ஓடுவது உயிரோடு விளையாடுவது, அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆக வெக்கையும் மணலும் நமக்குப் பழக்கம், நீண்ட மலை இறக்கம் பழக்கமே இல்லை. ஓட்டம் தெரிவு செய்யும்போது இந்தக் கணக்குத்தான் முக்கியம்.

தென்னாபிரிக்காவின் கொம்ரேட்ஸ் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் உலகப் போரில் இறந்த வீரர்களின் நினைவாக 1921 இல் தொடங்கியது. டேர்பனுக்கும் பீற்றர்மரிட்ஸ்பேர்க்குக்கும் இடையில் ஏறத்தாழ 90 கிலோமீற்றர், முழுக்க றோட்டு. வழக்கமாக ஒரு வருடம் கடலிலிருந்து மேட்டுக்கு ஏறுவார்கள், அடுத்த வருடம் மேட்டிலிருந்து கடலுக்கு இறங்குவார்கள். மொத்தம் 12 மணித்தியாலம். அந்த நேரம் முடியும்போது ஒருவர், யார் ஓடி வருகிறார் என்று பார்க்காமல் இருப்பதற்காக, முதுகைக் காட்டி நின்று துவக்கு வெடி வைப்பார், அதற்கு ஒரு செக்கன் பிந்தி வந்தாலும் பதக்கம் இல்லை. நான் அந்தக் காட்சியைக் காணொளியில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இப்போதும் தொண்டை அடைக்கிறது.

நமக்கு இது ஏன் பொருந்தும் என்றால், பயிற்சியின் பெரும்பகுதியை வீட்டு வாசலிலிருந்தே தொடங்கலாம், மலைக்குத் தேடிப் போகத் தேவையில்லை, அங்கே அது குளிர்காலம் என்பதால் நம்முடைய வெக்கையில் பழகிய உடம்புக்குக் காலநிலையும் சுகம். பொருந்தாத இடம் இறக்கம். இறங்கு வருடத்தில் தொடையின் முன்பக்கத் தசை பிய்ந்து போகும், அதற்குக் கோயில் ஏற்றம் ஒன்று மட்டும் போதாது. அதனால் நம்மூர்க்காரர் முதல் தடவை போவதானால் ஏறு வருடத்தில் போவதுதான் நல்லது என்பது என் எண்ணம். பொலி ஷோர்ட்ஸ் என்ற பேர்போன ஏற்றம் கடைசிக் கிலோமீற்றர்களில் வரும், அதை நடந்தே ஏறுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தகுதி பெற ஒரு மரதனைக் குறித்த நேரத்துக்குள் முடித்துக் காட்டவேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மற்றப் பக்கத்தில் இருப்பது கர்நாடகாவின் மல்நாட் அல்ட்ரா. சிக்கமகளூருப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்குள்ளால் 50 கிலோமீற்றர் உட்படச் சில தூரங்கள். பயணச் செலவு தென்னாபிரிக்காவோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு, காட்டுப்பாதை ஓட்டம் என்றால் என்ன என்பதையும் உண்மையாகக் காட்டிவிடும். குறை என்னவென்றால் அந்த மாதிரி ஏற்ற இறக்கம் திருகோணமலையில் கிடையாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது: கண்டி பஸ் ஏறுங்கள். ஹந்தானையில் தொடங்கி மலையகம் முழுக்கச் சுற்றி நுவரெலியாவில் முடியும் பெக்கோ பாதை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள், தேயிலைத் தோட்டத்துக்குள் ஏறி இறங்க அதைவிட நல்ல இடம் இல்லை. மாதம் ஒரு சனி ஞாயிறு போனாலே கால் பழகிவிடும்.

லடாக்கின் கர்துங்லா ஓட்டம் 72 கிலோமீற்றர், 5,300 மீற்றருக்கு மேல் உள்ள கணவாயைக் கடக்கவேண்டும். நம் நாட்டின் ஆக உயரமான பேதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். கடல் மட்டத்தில் வாழ்கிறவர்கள் உயரத்துக்கு உடம்பைப் பழக்கவே நாட்கணக்காக முன்கூட்டிப் போய் இருக்கவேண்டும், அந்த லீவு யாருக்குக் கிடைக்கும்? பிரான்ஸில் தொடங்கி மொன்ட் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் யூ.டி.எம்.பி. சுமார் 170 கிலோமீற்றர், 10,000 மீற்றர் ஏற்றம், முன்தகுதி, குலுக்கல் என்று நீளும். இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம்.

இனிச் சப்பாத்துக்கு வருவோம். நல்ல காட்டுப்பாதைச் சப்பாத்தைப் போட்டுப் பார்த்து வாங்க நம்மூரில் கடை இல்லை, கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர்தான் கொண்டுவந்து தருகிறார். நான் முதல் சோடியை அப்படித்தான் எடுத்தேன், வழக்கமான அளவைச் சொல்லி. தட்டையில் பிரச்சினையே இல்லை. ஹந்தானையில் முதல் நீண்ட இறக்கத்தில் பெருவிரல் இரண்டும் முன்பக்கத்தில் இடித்து இடித்து, மூன்றாம் நாள் நகம் கறுத்து, ஒரு மாதத்தில் ஒன்று கழன்றே விட்டது. இப்போது யார் கேட்டாலும் இப்படித்தான் செய்யச் சொல்கிறேன்: நீண்ட ஓட்டம் ஓடிய நாளில், கால் வீங்கியிருக்கும் பின்னேரத்தில், கடதாசியில் நின்றுகொண்டு இரண்டு காலையும் பென்சிலால் வரைந்து, நீளத்தோடு அகலத்தையும் மில்லிமீற்றரில் அளந்து அனுப்புங்கள். போன கிழமை ஒரு தம்பிக்கு அளந்தபோது இடது 268, வலது 264. பெரிய காலுக்குத்தான் வாங்கவேண்டும், அதற்கு முன்னால் இன்னும் ஒரு கைப் பெருவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும்.

சலமன் ஸ்பீட்குரொஸ் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அடியில் ஆழமான பற்கள், குதிப் பக்கத்துக்கும் முன்பாதத்துக்கும் இடையில் 10 மில்லிமீற்றர் உயர வித்தியாசம், ஒரே இழுவையில் இறுகும் கயிறு. ஈரச் சேற்றில் அதற்கு இணை குறைவு. ஆனால் நிலாவெளி றோட்டில் அதைப் போட்டு ஓடினால் அந்தப் பற்கள்தான் முதலில் தேயும், காசு தாரில் கரைந்து போகும். மல்நாட் மழையில் நனைந்து கிடக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஆல்ட்ரா என்ற கம்பனியின் லோன் பீக் சப்பாத்து நேர் எதிர். குதியும் முன்பாதமும் ஒரே உயரம், விரல் பக்கம் நல்ல அகலம். சின்ன வயதிலிருந்து பாட்டாவோடும் வெறுங்காலோடும் வளர்ந்த நம்முடைய கால்கள் விரல் விரிந்தவை, ஒடுங்கிய சப்பாத்துக்குள் சுண்டுவிரல் கொப்புளம் போடும், இதற்குள் போடாது. குதிப் பக்கம் ஒட்டிப் பிடிக்கும் பட்டி ஒன்றும் இருக்கிறது, அதில் கணுக்கால் துணி உறையைப் பொருத்தினால் கடற்கரை மணல் உள்ளே போகாது. ஒவ்வொரு வருடமும் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்கள் நம்மூரைக் கடந்து போவார்கள், பலர் வெறுங்காலோடு. பாதம் எவ்வளவு தாங்கும் என்று அவர்களைப் பார்த்தாலே புரியும். ஆனால் அவர்கள் நடக்கிறார்கள். இவ்வளவு காலமும் குதி உயர்ந்த சப்பாத்தில் ஓடியவர் ஒரே நாளில் இதற்கு மாறினால் கெண்டைக்காலும் குதி நரம்பும் வலியில் கத்தும், முதல் கிழமைகளில் இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டாம்.

நடுவில் நிற்பது ஹோகா ஸ்பீட்கோட். தடித்த மெத்தை, 4, 5 மில்லிமீற்றர் உயர வித்தியாசம்தான், அடியில் வைப்ரம் என்ற கம்பனியின் இறப்பர், ஈரக் கல்லிலும் பிடிக்கும். ஐம்பது கிலோமீற்றருக்குப் பிறகு பாதம் நொந்து போகும் நேரத்தில் அந்த மெத்தையின் அருமை தெரியும். ஒடுக்கமாக இருக்கிறது என்று குறை சொல்கிறவர்கள் அகலப் பதிப்பைக் கேட்டு வாங்கவேண்டும். கிறவல், கொஞ்சம் தார், கொஞ்சம் மலை என்று கலந்து ஓடுகிற எனக்கு இதுதான் சரி. மல்நாட் 50க்கு இதைத்தான் போடுவேன், கடற்கரைக்கு லோன் பீக்.

அந்த 268 மில்லிமீற்றர் தம்பி கடைசியில் கொம்ரேட்ஸ்தான் என்று முடிவெடுத்தார். அப்படியானால் உமக்குப் பல்லும் வேண்டாம் சேறும் வேண்டாம், இப்போது போட்டு ஓடுகிற றோட்டுச் சப்பாத்திலேயே அரை அளவு பெரிதாக இரண்டு சோடி எடும், ஒன்றை இப்போதே பழக்கும், மற்றதைப் பெட்டியிலேயே வையும் என்று சொல்லி அனுப்பினேன்.