அம்மா வருவது ஜூனிலா, டிசம்பரிலா?

ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் முதல் கேள்வி இதுதான்: "அங்க இப்போ மழையா, வெயிலா?" சிங்கப்பூரில் இருப்பவன் என்ன சொல்வது? இரண்டும்தான், பல நாள் ஒரே மதியத்தில். பிள்ளைகளுக்கு நீண்ட பள்ளி விடுமுறை ஜூனிலும் ஆண்டுக் கடைசியிலும்தான் வரும் என்பதால், கும்பகோணத்திலிருந்து அம்மாவை எப்போது அழைப்பது என்று எங்கள் வீட்டில் வருஷா வருஷம் பஞ்சாயத்து.

வெப்பநிலையைப் பார்த்து முடிவு செய்ய வழியில்லை. பூமத்திய ரேகைக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் ஊர். டிசம்பர் சராசரி 27 டிகிரியை ஒட்டி, ஜூன் சராசரி 28.5 டிகிரியை ஒட்டி, அவ்வளவுதான். வித்தியாசம் மழையில்: டிசம்பரில் ஏறத்தாழ 330 மில்லிமீட்டர், ஜூனில் அதில் பாதிகூட இல்லை.

நம்மவர்களுக்குக் குழப்பம் வருவது வடகிழக்குப் பருவக்காற்றில். ஊரில் அது ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு மார்கழியில் பனிக்கு வழிவிடும். இங்கே மார்கழிதான் அதற்கு உச்சம். "மார்கழியில ஏது மழை" என்று அம்மா ஒருமுறை குடைகூட இல்லாமல் வந்து இறங்கினார். மூன்றாம் நாள் பிடித்தது. வடக்கே குளிர்ந்த காற்று தென்சீனக் கடல் வழியாக ஈரத்தை வாரிக்கொண்டு வேகமாக இறங்கும்போது ஒரு நாளோ, சில சமயம் நான்கைந்து நாளோ வானம் மூடியே கிடக்கும். இடி மின்னல் ஆர்ப்பாட்டமெல்லாம் அவ்வளவாக இல்லை, சும்மா பெய்துகொண்டே இருக்கும். துணி காயப்போடச் சன்னலுக்கு வெளியே நீட்டும் மூங்கில் கழிகளை உள்ளே கொண்டுவந்து, ஒரு முனை சாப்பாட்டு மேசையிலும் மறுமுனை அலமாரியிலுமாக வைத்து, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டோம். இரண்டு நாளாகியும் பள்ளிச் சீருடையில் ஈரவாடை போகவில்லை. லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தைக்குப் போகும் திட்டம் கீழே கோப்பிக்கடையோடு நின்றது. அம்மாவுக்கு மட்டும் பரம சந்தோஷம். 23 டிகிரியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, "ஊட்டி மாதிரி இருக்கு" என்றார்.

ஜூன் மழைக்கு வேறு குணம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் இரவில் திரளும் இடிமேகங்கள் வரிசைகட்டி வந்து, விடியலுக்கு முன்போ காலையிலோ நம்மைத் தாக்கும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். ஆடிக்காற்றில் அம்மி பறப்பதைப் பன்னிரண்டாம் மாடியில் இருந்தால் நம்பலாம்: ஐந்து மணிக்குச் சமையலறைச் சன்னல் படாரென்று அடிக்க, நான் கழியை இழுக்க ஓடுவேன். ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பத்து மணிக்குத் துணியைப் போட்டால் மதியத்துக்குள் மொறுமொறு. நாளும் கையில் மிச்சம்.

சரி, ஜூனில் குறையே இல்லையா? இரவுப் புழுக்கம். சில நாள் விடியும்வரை 27 டிகிரிக்குக் கீழே இறங்காது. அம்மா பாயைக்கூட ஒதுக்கிவிட்டு வெறும் தரையில் படுப்பார். இந்தோனேசியக் காட்டுத்தீயிலிருந்து வரும் புகைமூட்டம் பெரும்பாலும் ஆகஸ்டுக்குப் பிறகுதான் தலைகாட்டும், ஆனாலும் 2013 ஜூனில் காற்றுத் தரக் குறியீடு 401 வரை போனதை மறக்க முடியாது.

பள்ளிக் கட்டாயம் இல்லாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், பிப்ரவரியில் அழைக்கலாம். அதே வடகிழக்குக் காற்றுதான், ஆனால் மழை வடிந்த பாதி. ஆண்டிலேயே மழை குறைந்த மாதம், காற்றும் சுகம். தைப்பூசம் அந்தப் பக்கம் விழுந்தால் சிராங்கூன் சாலையிலிருந்து தேங் ரோடு முருகன் கோயில் வரை பால்குடத்தோடு நடக்கலாம், தார்ச்சாலைச் சூட்டைப் பொறுத்துக்கொண்டு.

என் கணக்கு இப்படி. பத்து நாள் பயணம் என்றால் ஜூன். டிசம்பரில் அதில் பாதியை ஒரே மழை விழுங்கிவிடலாம். ஒரு மாதம் தங்கினால் டிசம்பர், பொங்கலையும் இங்கேயே முடித்துக்கொண்டு போகலாம். இதையெல்லாம் தொலைபேசியில் விளக்கி முடித்தேன். "துணி காயாட்டி போகுது, எனக்கு அந்தக் குளிரு வேணும். டிசம்பருக்கே டிக்கெட் போடு" என்றார் அம்மா.