துருப்பிடிக்கிற பேனாக்கத்தியா, பிடிக்காததா?

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூரில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டும் எங்கள் மாமாவிடம் போன மாதம் இரண்டு பேனாக்கத்திகளைக் கொடுத்தேன். இரண்டும் பிரான்ஸின் ஒப்பினல், 8-ஆம் நம்பர்; 8.5 செ.மீ. அலகு, பீச் (beech) மரப் பிடி. ஒன்று கார்பன் எஃகு, இன்னொன்று ஸ்டெயின்லெஸ். அதைத் தவிர வித்தியாசம் கிடையாது.

மென்தண்டு ஒட்டில், அதாவது கன்றின் இளந்தண்டைப் பிளந்து நல்ல மரத்துக் குச்சியைச் செருகிக் கட்டுவதில், குச்சியின் அடியை இருபுறமும் ஆப்பு போலச் சீவ வேண்டும். அதுவும் ஒரே இழுப்பில். அறுத்து அறுத்து எடுத்தால் திசு நசுங்கும், ஒட்டுப் பிடிக்காது. காலையில் இரண்டு கத்தியும் வெண்ணெயாகத்தான் சீவின. மத்தியானம் இரண்டுமே மழுங்கின. அங்கேதான் கதை பிரிகிறது. கார்பன் கத்தியைச் சாணைக்கல்லில் ஏழெட்டு முறை இழுத்ததும் மாமா கட்டை விரலால் தடவிப் பார்த்து, "சரி, வந்துருச்சு" என்றார். ஸ்டெயின்லெஸ்ஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். விளிம்பில் எழுந்த பிசிறு போக மறுத்தது. துருவைத் தடுக்க எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். அதில் கொஞ்சம் கார்பனோடு சேர்ந்து கெட்டியான துகள்களாகி, கல்லுக்கு எளிதில் மசிவதில்லை.

துரு விஷயத்தில் கார்பன் கத்திக்கு வக்காலத்து வாங்க முடியாது. ஈரத்தோடு மடக்கிச் சட்டைப் பையில் போட்டுவிட்டேன். மறுநாள் கீல் பக்கம் செம்புள்ளிகள். தப்பு என்னுடையதுதான். சாம்பல் போட்டுத் தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவிய பிறகு சரியானது. ஆனால் மாம்பால் பட்டு அலகு கறுப்பது வேறு. கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்ந்தால் மை கறுக்குமே, அதே துவர்ப்பும் இரும்பும்தான். அந்தக் கறுப்பு படியப் படியச் செந்துரு வருவது குறையும். மாமா அதைத் துடைக்க விடமாட்டார்.

தின்பதற்கு நறுக்க மட்டும் கார்பன் கத்தி வேண்டாம். பெங்களூரா மாங்காயை அரிந்தால் துண்டில் சாம்பல் கோடு விழுகிறது, உப்பு மிளகாய்த்தூளையும் மீறி இரும்பு வாடை.

(மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-இல் அறிவித்தார்கள். அதே மாவட்டத்தில் உட்கார்ந்து பிரெஞ்சுக் கத்தி தீட்டுகிறோம்! உள்ளூர்ப் பட்டறையில் லாரி வில்லுப்பட்டையில் அடித்துத் தரும் கத்தியும் கார்பன் எஃகுதான். என்ன, மடக்க முடியாது.)

ஸ்டெயின்லெஸ் இப்போது எங்கள் அடுக்களையில் இருக்கிறது. மற்றதைத் திருப்பிக் கேட்டேன். மாமா காதிலேயே வாங்கவில்லை.