சிரட்டையா, கழிவுத் தேயிலையா, மிலாறா?

மின்னை வேகமாகச் சேமித்து வேகமாகக் கொடுக்கிற சுப்பர் கப்பாசிட்டருக்குக் கழிவுப் பொருளிலிருந்து நுண்துளைக் காபன் செய்யலாம் என்றதும் மலையகத்தில் எல்லாருக்கும் முதலில் தேயிலைதான் ஞாபகம் வரும். சரிதான், ஆனால் எதிரில் நிற்பது சிரட்டை, அதை லேசில் வெல்ல முடியாது.

சிரட்டையில் லிக்னின், அதாவது மரத்துக்கு உறுதி தருகிற பொருள், அதிகம், சாம்பல் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான். 800 முதல் 1000 பாகைச் சூட்டில் நீராவி கொடுத்தால் 2 நானோமீற்றருக்கும் குறைந்த துளைகள் நிறைய விழும். ஜப்பானின் குராரே நிறுவனம் விற்கிற வைபி-50எஃப் என்ற பெயர்பெற்ற கப்பாசிட்டர் காபனே சிரட்டைக் கரிதான். ஆனால் இது குருநாகல், புத்தளம் பக்கத்துச் சரக்கு. அங்கேயே வாங்க ஆள் இருக்கும்போது லொறிக்கூலியும் கொடுத்து மலைக்கு ஏற்றுவதில் நமக்கு என்ன லாபம்?

கழிவுத் தேயிலை பக்டரிக்குள்ளேயே கிடக்கிறது. சலிக்கும் இடத்தில் சேருகிற அந்தப் பழுப்புப் பஞ்சைக் கையில் அள்ளினால் விரலெல்லாம் ஒட்டும், சாக்கு நிறைய அடைத்தாலும் பாரமே இருக்காது. இதன் பலம் நைதரசன். கஃபீன், புரதம் வழியாக இலையிலேயே இருக்கிறது, சுட்ட பிறகும் கொஞ்சம் காபனுக்குள் தங்கி மின்னேற்றத்தைக் கூடுதலாகப் பிடிக்க உதவும். சிரட்டை என்றால் யூரியா மாதிரி ஏதாவது தனியாகச் சேர்க்க வேண்டும். தொல்லை எங்கே என்றால், ஆய்வுகூடங்களில் வழக்கமாகப் பொட்டாசியம் ஐதரொக்சைட்டைக் கலந்து, காற்றுப் படாமல் 700, 800 பாகையில் சுடுகிறார்கள். துளை அருமையாக விழும், ஆனால் அந்தக் காரம் இரும்பையே அரிக்கும், பிறகு அமிலம் விட்டு, தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். அந்தக் கழிவுநீரை அப்படியே ஓடையில் விட்டால் அது கொத்மலை போன்ற ஏதாவதொரு நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேரும். தேயிலையை உலர்த்துகிற அடுப்பே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், டிரையரில் இருப்பது ஏறக்குறைய 100 பாகைதான்.

கவ்வாத்து மிலாறை, அதாவது தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற கிளைகளை, நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. இலையும் சிறு கிளையும் மலையிலேயே மக்கி மண்ணுக்குப் போக வேண்டியவை, தடித்த குச்சியோ லயத்து அடுப்புக்கு விறகு.

ஆக, விற்க நினைப்பவர் அந்தக் குருநாகல், புத்தளம் பக்கமே சிரட்டையோடு நிற்கட்டும். பேராதனைப் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் ஆராய்ச்சி செய்பவருக்குக் கழிவுத் தேயிலைதான் சுவாரசியம், அதுவும் காரத்தைத் தவிர்த்து நீராவியில் முயன்றால் இன்னும் நல்லது. ஒன்று மட்டும், சாக்கை இறக்கும்போதே ஒரு பிடியை எரித்துச் சாம்பலை நிறுத்துப் பாருங்கள். நல்ல தேயிலையில் 4 முதல் 8 சதவீதம் வரும், அதைத் தாண்டினால் மண் கலந்திருக்க வாய்ப்பு அதிகம், அந்தச் சாக்கைத் திருப்பி அனுப்பிவிடலாம்.