தக்கலையில் கார் ஓட்டப் படித்த இருபது நாள்

எனக்கு வயது 61. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். குலசேகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்று அலுத்துப்போய், ஜூன் மாதம் தக்கலையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். இருபது நாள், தினமும் அரை மணி நேரம்.

முதல் இரண்டு நாள் ஸ்டியரிங்கைத் தொடவே விடவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. மாஸ்டர் பழைய காலண்டர் அட்டையில் வெட்டிய போக்குவரத்துப் பலகைகளை மேசையில் கவிழ்த்துப் போட்டார். படம் தெரியாது, சாம்பல் நிற முதுகு மட்டும்தான். “டீச்சர், படத்தப் பாக்காண்டாம். வடிவத்தப் பாத்துச் சொல்லுங்க.”

முக்கோணம் என்றால் முன்னால் ஏதோ இருக்கிறது: வளைவு, ஒடுங்கிய பாலம், பள்ளிக்கூடம். வட்டம் என்றால் உத்தரவு. சிவப்பு விளிம்பு பெரும்பாலும் தடையையோ வரம்பையோ சொல்லும், முழு நீலம் என்றால் செய்தே ஆகவேண்டும். நீள்சதுரம் ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க் போன்ற தகவல். உத்தரவு, எச்சரிக்கை, தகவல் என்ற இந்த மூன்று வகையும் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதைப் புத்தகத்தைத் திறந்தே காட்டினார்.

எண்கோணத்தை அவர் கடைசியாகத்தான் எடுத்தார். ‘நில்’ பலகைக்கு மட்டும்தான் எட்டு மூலை. ‘வழி விடு’ மட்டும்தான் தலைகீழ் முக்கோணம். முதுகுப் பக்கம் பார்த்தாலும், சேறு அப்பிக் கிடந்தாலும், அந்தப் பக்கமிருந்து வருகிறவன்தான் நிற்கவேண்டியவன் என்று நமக்குப் புரிந்துவிடும். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வடிவியல் நடத்தியவள் நான். பஸ் ஜன்னல் வழியாக நாள்தோறும் பார்த்த பலகையில் இப்படி ஒரு கணக்கு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பதினாலாம் நாள் திருவட்டாறு தாண்டிப் போகும்போது நல்ல மழை. இரண்டு பக்கமும் ரப்பர் மரம், வைப்பர் அடித்தும் கண்ணாடி தெளியவில்லை. ஒரு பலகையின் மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். படம் முழுக்க மறைந்துவிட்டது, மூன்று மூலை மட்டும் வெளியே தெரிந்தது. கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டது. அடுத்த வளைவில் ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு பஸ் வந்தது. மாஸ்டர் தன் பக்கத்தில் இருக்கும் பிரேக்கை மிதிக்கவே இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

குறையும் உண்டு. அடுத்த ஆளை வீட்டில் போய் ஏற்றும் நேரமும் நம் அரை மணியில் சேர்கிறது. கையில் கிடைப்பது இருபது நிமிஷம். கிளட்ச் ரொம்ப இறுக்கம், எனக்கு முட்டு வலி வந்துவிட்டது. ஏற்றமும் இறக்கமுமான நம்ம ஊரில் மேட்டில் நிறுத்தி வண்டி எடுக்க ஒரே ஒரு நாள்தான் பழக்கினார்கள். அது போதவே போதாது. நான் தனியாகப் பணம் கட்டி ஐந்து நாள் கூடுதலாகப் படித்தேன். சொல்லித்தரப் பெண்கள் யாரும் இல்லை.

சேருகிறவர்கள் காலை ஆறரை மணி வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். எட்டு மணிக்கு மேல் ஸ்கூல் வேன்களுக்கு நடுவில் கிளட்ச் பழக முடியாது. அந்த அட்டைப் பாடத்தை மட்டும், வேண்டாம் என்று சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள்.