வேலை நின்றால் எது நிற்கும்? ராயபுரம் மொட்டைமாடியில் நான்கு விண்வெளித் தொடர்கள்

எந்த விண்வெளித் தொடர் தன் உலகத்தை நன்றாகக் கட்டியிருக்கிறது என்ற வாக்குவாதம் எங்கள் ராயபுரம் மொட்டைமாடியில் வெகுகாலமாக நடக்கிறது. கப்பலின் வேகத்தில் தொடங்கும், வேற்றுக்கிரகவாசிகளின் நெற்றி மேட்டில் வந்து நிற்கும். போன மாதம் அதைப் பெரியப்பா வேறு பக்கம் திருப்பிவிட்டார். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரக்கு இறக்கியவர் அவர். 'பாபிலோன் 5' தொடரில் கப்பல்கள் வரிசையாக வந்து அணையும் காட்சியைப் பார்த்துவிட்டு, "இத்தனை கப்பல் வருகிறதே, மூட்டையை யார் இறக்குகிறார்கள்?" என்று கேட்டார்.

அதன்பின் எனக்கு அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். இந்த உலகத்தில் தொழிலாளிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் எது நிற்கும்? பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட மண்ணில் இது தாத்தா காலத்துக் கேள்வி. வியப்பு என்னவென்றால், நான் வைத்து ஒப்பிடும் நான்கில் மூன்று தொடர்கள் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கின்றன.

பெரியப்பாவின் கேள்விக்குப் 'பாபிலோன் 5' 1994லேயே, முதல் சீசனிலேயே பதில் சொல்லிவிட்டது. ஐந்து மைல் நீளமுள்ள சுழலும் நிலையம், இரண்டரை லட்சம் பேர். பழுதான கருவியால் சரக்குத் தளத்தில் விபத்து நடந்து ஒரு தொழிலாளி இறக்கிறார். அரசு ஊழியர்கள் என்பதால் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். எனவே எல்லாரும் ஒரே நாளில் 'உடம்பு சரியில்லை' என்கிறார்கள். கப்பல்கள் வெளியே காத்துக் கிடக்கின்றன. எந்த வழியிலாவது வேலைநிறுத்தத்தை முடிக்கலாம் என்று அதிகாரம் தரும் சட்டம் நிலையத்தின் தளபதி சின்க்ளேர் கைக்கு வருகிறது. அவர் அந்த வாசகத்தையே பிடித்துக்கொண்டு, படைச் செலவுக்கான பணத்தை எடுத்துத் தொழிலாளர்களுக்குத் திருப்பிவிடுகிறார். பெரியப்பா எழுந்து நின்று கைதட்டினார். இன்றைய கண்ணுக்கு அரங்க அமைப்பு அட்டைப் பெட்டிபோலத் தெரியும். வசனமும் சில இடங்களில் மேடை நாடகம்தான். ஆனால் வேலை தேடி வந்து, திரும்பிப் போக டிக்கெட்டுக்குக் காசில்லாமல் நிலையத்தின் அடித்தளத்திலேயே தங்கிவிட்டவர்களைக் காட்டிய தொடர் இது. ஐந்து சீசன்களையும் ஒரே நாவலைப்போல முன்கூட்டியே வகுத்து, 110 அத்தியாயங்களில் 92ஐத் தானே எழுதிய, தொடரை உருவாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கிக்கு, ஒரு துறைமுகம் எப்படி மூச்சுவிடும் என்று தெரிந்திருக்கிறது.

'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் வேலைநிறுத்த அத்தியாயம் இதற்கு இரண்டு ஆண்டுகள் பின்னால் வந்தது. இதுவும் ஒரு விண்வெளி நிலையத்தின் கதைதான். மதுக்கடைப் பணியாளன் ராம், காதில் நோய்த்தொற்றோடு வேலை பார்த்து மயங்கி விழுகிறான். முதலாளி அவனுடைய அண்ணன் குவார்க். விடுப்பும் கிடையாது, கூலியும் குறைக்கப்படுகிறது. ராம் சங்கம் அமைக்கிறான், பொதுவுடைமை அறிக்கையின் வரியையே உரக்கச் சொல்கிறான். அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆனால் உலகக் கட்டுமானமாகப் பார்த்தால் இடிக்கிறது. எந்த உணவையும் நொடியில் உருவாக்கித் தரும் இயந்திரம் சுவருக்குச் சுவர் இருக்கும் நிலையத்தில், மதுக்கடை மூடினால் எது நிற்கும்? ஒரு சூதாட்ட மேசை. மனிதர்களும் வேற்றுக்கிரகவாசிகளும் சேர்ந்த அரசான கூட்டமைப்பில் பணமே இல்லை என்கிறார்கள். அங்கிருந்து வரும் அதிகாரிகள் அதே கடையில் எதைக் கொடுத்துக் குடிக்கிறார்கள் என்பதும் தெளிவாகவில்லை. பல ஆண்டுக்கால 'ஸ்டார் ட்ரெக்' அன்போடுதான் இதைச் சொல்கிறேன்: பசி இல்லாத உலகம் அழகான கனவு, ஆனால் அதில் வேலைநிறுத்தத்துக்குக் கனமில்லை.

கனத்துக்கு 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'விடம் போக வேண்டும். மனித குலத்தில் எஞ்சியவர்கள் ஐம்பதாயிரம் பேர். அதிபர் ஒரு வெள்ளைப் பலகையில் எண்ணிக்கையை எழுதி வைத்து, ஒவ்வொரு சாவுக்கும் அழித்துத் திருத்துகிறார். பழைய போர்க்கப்பல் பிழைத்ததற்குக் காரணம், அதன் கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்படாததுதான். எதிரியான இயந்திர மனிதர்களால் அவற்றுக்குள் நுழைய முடியவில்லை. கயிறு தொங்கும் தொலைபேசிகூட இந்த உலகத்தில் காரணத்தோடு இருக்கிறது. 2007இல் வந்த அத்தியாயத்தில் எரிபொருள் சுத்திகரிப்புக் கப்பலில் வேலை நிற்கிறது. ஓய்வே இல்லை, சிறுவர்களும் வேலை செய்கிறார்கள், அப்பன் செய்த வேலையே பிள்ளைக்கும் விழுகிறது. போராட்டத்தை நடத்தும் டைரலை அட்மிரல் அடாமா அழைத்து, உன் மனைவியைச் சுட்டுவிடுவேன் என்கிறார். நாம் நேசிக்கும் அடாமா! எரிபொருள் நின்றால் எல்லாரும் சாவார்கள் என்பதும் உண்மை, தொழிலாளியின் நியாயமும் உண்மை. நான்கு தொடர்களிலும் இதற்கு இணையான ஒரு காட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இருந்தும் முதலிடத்தை 2015 முதல் 2022 வரை வந்த 'தி எக்ஸ்பேன்ஸ்' தொடருக்குத்தான் தருவேன். இங்கே உழைப்பு ஒரு சிறப்பு அத்தியாயத்துக்குள் அடங்கவில்லை. கதை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள குறுங்கோள் பட்டையின் மக்கள் காற்றுக்கும் தண்ணீருக்கும் பிறரை அண்டி வாழ்கிறார்கள். அந்தப் பட்டையிலேயே பெரிதான, மக்கள் குடியிருக்கும் நிலையமான செரெஸில் ஒரு காலத்தில் இருந்த பனியைப் பூமியும் செவ்வாயும் சுரண்டிக்கொண்டு போய்விட்டன. இப்போது சனியின் வளையங்களிலிருந்து பனிக்கட்டி ஏற்றிக் கப்பல் வர வேண்டும். வர வேண்டிய கப்பல் அழிந்ததும் நிலையத்தில் கலவரம். இது கற்பனை என்று பெரியம்மா நம்பவே இல்லை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்ததே, அந்தக் கோடையில் குடத்தோடு வரிசையில் நின்றவர் அவர். முதல் அத்தியாயத்திலேயே காற்று வடிகட்டிகளைச் சரியாகப் பராமரிக்காமல் மக்களை இருமவிடும் ஒருவனை, துப்பறிவாளர் மில்லர் காற்றில்லா அறையில் அடைத்துத் திணறவைக்கிறார். எண்ணூர்ப் பக்கம் சாம்பல் படிந்த சன்னலைத் துடைத்தவர்களுக்கு விளக்கவுரை வேண்டாம்.

மொழியைப் பாருங்கள். பல நாட்டுக் கூலிகள் கலந்த இடத்தில் பிறந்த கலவை மொழியை மொழியியலாளர் நிக் ஃபார்மர் இத்தொடருக்காக உருவாக்கினார். தெலுங்கு நைனாவும் உருது நாஷ்டாவும் புழங்கும் எங்கள் தெருவுக்கு அது அந்நியமில்லை. கைச் சைகைகளுக்கும் காரணம் உண்டு: விண்வெளி உடைக்குள் தலையசைத்தால் யாருக்கும் தெரியாது. கப்பல்கள்கூட அடுக்குமாடிக் கட்டடம்போல நிற்கின்றன. உந்துவிசையே எடையைத் தருகிறது, பாதி வழியில் கப்பல் தலைகீழாகத் திரும்பித்தான் வேகம் குறைக்கிறது.

குறை இல்லாமலில்லை. ஈர்ப்பு குறைந்த இடத்தில் வளர்ந்தவர்கள் நெடுநெடுவென்று, எலும்பு மெலிந்து இருப்பார்கள் என்று முதல் அத்தியாயம் காட்டியதை, பிறகு நடிகர்களுக்காகப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் அத்தை மகன் இதைப் பிடித்துக்கொண்டு 'கேலக்டிகா'தான் முதலிடம் என்கிறான். எனக்கு உடன்பாடில்லை. பெரியப்பா இருவர் பக்கமும் சேரவில்லை. சின்க்ளேர் வரும் அந்த அத்தியாயத்தை இன்னொரு முறை போடச் சொல்கிறார்.