தொட்டி அடியில ஜல்லி போடணுமா, வேணாமா?

மாடித்தோட்டம் ஆரம்பிச்சா முதல்ல கிடைக்கிற அட்வைஸே அடியில ரெண்டு இன்ச் ஜல்லி போடு, தண்ணி நல்லா வடியும்ங்கிறதுதான். நானும் மூணு வருஷம் அப்படித்தான் செஞ்சேன், ஆனா ஐப்பசி மழை வந்தா கத்தரிச்செடி வாடிடும், ஒரு தடவை தொட்டிய கவுத்து பார்த்தா ஜல்லிக்கு நடுவுல தண்ணியே நிக்கல, அதுக்கு மேல இருக்கிற மண்ணுதான் சேறு, வேரெல்லாம் பழுப்பா கொழகொழன்னு, அழுகின நாத்தம் வேற.

காரணம் இதுதான். பொடி மண்ணு தண்ணிய ஸ்பாஞ்ச் மாதிரி பிடிச்சு வெச்சுக்கும், கீழ ஜல்லி மாதிரி பெரிய இடைவெளி இருந்தா அதுக்கு ஒட்டி மேல இருக்கிற மண்ணு முழுசா ஊறுற வரைக்கும் தண்ணி இறங்கவே இறங்காது. சாதாரணமா தொட்டி அடியில இருக்க வேண்டிய, தண்ணி ஊறி நிக்கிற மண் அடுக்கு ரெண்டு இன்ச் மேல ஏறி வேருக்கிட்ட வந்துடுது, 12 இன்ச் தொட்டியில இது பெரிய நஷ்டம்.

ஜல்லி இல்லாத தொட்டியில ஓட்டைய மூடாம மேல ஒரு துண்டு கொசுவலை மட்டும் போட்டு, அடியிலேர்ந்து மேல வரைக்கும் ஒரே கலவையா செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் நிரப்புறேன். பெயின்ட் பக்கெட்னா சூடு பண்ண கம்பியால அஞ்சாறு ஓட்டை, அப்புறம் ரெண்டு செங்கல் மேல தூக்கி வெச்சிடணும், தரையோட ஒட்டியிருந்தா எத்தனை ஓட்டை போட்டும் பிரயோஜனம் இல்ல. கோகோபீட்ட மட்டும் ஓவரா சேர்க்காதீங்க, மழைக்காலத்துல அதுவே ஈரத்த விடாது.

ஜல்லிக்கு ஒரே ஒரு ப்ளஸ், உயரமான தொட்டி காத்துக்கு சாயாது. அதுக்கும் நான் செங்கல் அண்டக் குடுக்கிறதோட சரி, மாடிக்கு வெயிட் ஏத்த மனசு வரல.