"டெலோஸில் நங்கூரமிட்டு ஓர் இரவு" என்று யாராவது விற்றால் பணம் கட்டாதீர்கள்

போன ஆகஸ்ட்டில் நானும் மனைவியும் மச்சினனும் ஆளுக்கு 1,450 யூரோ கட்டி, கிரேக்கத் தீவுகளுக்குப் பாய்மரப் படகில் போய்வந்தோம். போய்வந்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. புகார் இன்னும் நடப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் இதே வாசகங்களோடு வேறு சில விளம்பரங்களும் கண்ணில் படுகின்றன, அதனால்தான் இந்தப் பதிவு.

விளம்பரம் சொன்னது இது: எட்டு நாள், எட்டுப் பயணிகள். ஏதென்ஸுக்குத் தெற்கே லாவ்ரியோ துறைமுகத்தில் ஏறி, கேயா, கித்னோஸ், சீரோஸ், டெலோஸ், நாக்ஸோஸ், பாரோஸ் பார்த்துவிட்டு லாவ்ரியோ திரும்புவது. கூடவே ஒரு தொல்லியலாளர் வருவார். பாய் விரிப்பது, சுக்கான் பிடிப்பது, முடிச்சுப் போடுவது எல்லாம் நாமே கற்றுக்கொண்டு செய்யலாம். இதற்கெல்லாம் மேலே, தடித்த எழுத்தில், "டெலோஸ் கரையில் நங்கூரமிட்டு, அப்பல்லோ பிறந்த தீவில் நட்சத்திரங்களின் கீழ் ஓர் இரவு."

அந்த ஒரு வரிக்காகத்தான் பணம் கட்டினேன். அந்த வரிதான் முதல் பொய். அப்பல்லோ என்ற கிரேக்கக் கடவுள் பிறந்ததாகச் சொல்லப்படும் டெலோஸ் தீவு முழுவதுமே தொல்லியல் தளம். 1990இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இரவில் பயணிகள் தங்க அனுமதியே கிடையாது. பகலில் அருகிலுள்ள மிக்கோனோஸ் போன்ற தீவுகளிலிருந்து படகில் வந்து, சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும். இது ரகசியம் ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் தேடியிருந்தால் எனக்கும் கிடைத்திருக்கும். தேடவில்லை.

எங்களோடு வந்தவர்களில் டப்ளினைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர் இருந்தார். முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போது அவர்தான் விஷயத்தை உடைத்தார். கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள் டெலோஸைத் 'தூய்மைப்படுத்துகிறோம்' என்று அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி எலும்புகளைப் பக்கத்துத் தீவான ரெனேயாவுக்கு மாற்றினார்களாம். அதற்குப் பிறகு டெலோஸில் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று சட்டம். "இப்போது தூங்கவும் கூடாது. இவர் எங்கே நம்மைத் தூங்கவைக்கப் போகிறார்?" என்று கேட்டார். கேப்டன் சிரித்துக்கொண்டே, "பார்த்துக்கலாம்" என்கிற மாதிரி கையை ஆட்டினார்.

படகும் படத்தில் பார்த்த படகு இல்லை. அது "பராமரிப்பில் இருக்கிறது" என்று வேறொன்றைக் காட்டினார்கள். இரண்டு கழிவறைகளில் ஒன்றில் பம்ப் வேலை செய்யவில்லை. பெரிய பாயின் ஓரம் முழுக்க வெயிலில் நைந்து, ஒட்டுப்போட்டிருந்தது. தொல்லியலாளர் எங்கே என்று கேட்டால், "சீரோஸில் ஏறுவார்" என்றார் கேப்டன். சீரோஸுக்கு நாங்கள் போகவே இல்லை. அவரும் ஏறவே இல்லை.

எட்டு நாள் என்ற கணக்கையும் கொஞ்சம் கவனியுங்கள். அங்கே படகு வாடகை சனிக்கிழமைக்குச் சனிக்கிழமைதான். முதல் சனி மாலை ஐந்து மணி வாக்கில் படகைத் தருவார்கள். வெள்ளி மாலையே துறைமுகம் திரும்பிவிட வேண்டும், மறு சனி காலை ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும். ஆக உருப்படியாகக் கடலில் இருப்பது ஞாயிறு முதல் வெள்ளி வரை ஆறு நாள்.

அந்த ஆறு நாளில் எவ்வளவு தூரம்? லாவ்ரியோவிலிருந்து மிக்கோனோஸ் பக்கம் நேர்கோட்டிலேயே நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து தெற்கே நாக்ஸோஸ், பாரோஸ் போய்விட்டு வடமேற்காகத் திரும்ப வேண்டும். எங்களுடையது போன்ற படகு மணிக்குப் பத்து கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். காற்று ஒத்துழைத்தாலும் இழுபறிதான். ஆகஸ்ட்டில் காற்று ஒத்துழைக்காது.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்தத் தீவுகள் இருக்கும் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு மெல்தெமி என்று பெயர். பழைய கிரேக்கர்கள் 'எத்தேசியா' என்றார்கள், ஆண்டுதோறும் வருவது என்று அர்த்தம். பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், இது எதிர்பாராத புயல் இல்லை. நான் நாகப்பட்டினத்துக்காரன். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்துக் காற்றைப் பார்க்கிற ஊரில் பிறந்துவிட்டு, "அந்த மாதத்தில் அங்கே என்ன காற்று?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் பணத்தைக் கட்டியிருக்கிறேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால் செருப்பால் அடித்திருப்பார்.

எங்கள் ஊர் வாடை மேகமும் மழையுமாக வரும். மெல்தெமி அப்படி இல்லை. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஒரு துளி மேகம் கிடையாது. காற்று மட்டும் மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், ராத்திரி பகல் என்று பார்க்காமல் அடிக்கும். கித்னோஸ் தீவில் லூத்ரா என்ற சின்னத் துறைமுகத்தில் மூன்று ராத்திரி கட்டிக்கிடந்தோம். பாய்மரத்தின் கம்பிகள் விடியவிடிய ஊளையிட்டன. படகைக் கட்டிய கயிறு ஒவ்வொரு இழுப்புக்கும் முறுக்கிக்கொண்டு கிறீச்சிட்டது. அலுமினியப் பாய்மரத்தில் ஏதோ ஒரு கயிறு டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. மச்சினன் நடுராத்திரியில் எழுந்துபோய்த் தன் லுங்கியைக் கிழித்து அதை இழுத்துக் கட்டிவிட்டு வந்தான். "அத்தான், இந்தப் பயணத்தில் நான் கத்துக்கிட்ட ஒரே முடிச்சு இதுதான்" என்றான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காற்றில் கேப்டன் படகை எடுக்காதது சரி. அதில் எனக்குக் குறையே இல்லை. எடுத்திருந்தால்தான் நான் இறங்கி ஓடியிருப்பேன். என் குறை விற்றவர்மேல். ஆகஸ்ட்டில் இந்த வழி பெரும்பாலும் நடக்காது என்று தெரிந்தே அதை விற்றார்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் "பயணவழி வானிலையையும் கேப்டனின் முடிவையும் பொறுத்தது" என்று ஒரு வரி வைத்திருந்தார்கள். அந்த வரி எல்லா நல்ல நிறுவனங்களிலும் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் நல்ல நிறுவனம் அதோடு, "காற்று அதிகமானால் இந்த இடங்களுக்குப் பதிலாக இவை" என்று மாற்றுவழியையும் எழுதிக் கொடுக்கும். எங்களிடம் மாற்றுவழி என்று இருந்தது ஒரு சீட்டுக்கட்டு.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நாங்கள் முடங்கிக்கிடந்த லூத்ராவுக்குப் பக்கத்திலேயே, நடந்துபோகிற தூரத்தில், மரூலாஸ் என்ற இடம் இருக்கிறது. இடைக்கற்காலத்துக் குடியிருப்பு, ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டு பழையது. வட்டவட்டமாகக் கல் பாவிய தரைகள், அவற்றை ஒட்டியே கல்லறைகள். அந்தத் தீவுக்கூட்டத்தில் மனிதர் குடியிருந்ததற்கான மிகப் பழைய தடயங்களில் ஒன்று. டெலோஸின் கோயில்கள் எல்லாம் அதற்கு முன்னால் நேற்றுப் பெய்த மழை. கேப்டனுக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. ஆசிரியை தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்ததால் கிளம்பினோம். கடலோரம், காய்ந்த புதர், முகத்தில் மண்ணை வாரி அடிக்கிற காற்று. பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, கல் வரிசைகள்தான். விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அந்த மூன்று நாளும் வீணாகியிருக்காது. நாங்கள் காசு கொடுத்தது அந்த ஒருவருக்குத்தானே.

கேயாவிலும் இதே கதை. வூர்காரி துறைமுகத்துக்கு எதிரே அயியா இரீனி என்ற வெண்கலக் காலக் குடியிருப்பு. வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். மலைமேல் யூலிதா ஊரைத் தாண்டி, பாறையிலேயே செதுக்கிய பெரிய சிங்கம் ஒன்று, 2,500 ஆண்டுக்கும் மேல் பழையது, லேசாகச் சிரித்தபடி படுத்திருக்கிறது. அதை மட்டும் நன்றாகப் பார்த்தோம். அதுவும் சொந்தச் செலவில் டாக்ஸி பிடித்து.

சரி, "நாமே செய்யலாம்" என்ற பகுதிக்கு வருவோம். செய்தோம். என் மனைவி வெங்காயம் நறுக்கினார். டச்சுத் தம்பதி பாத்திரம் தேய்த்தார்கள். நானும் மச்சினனும் தினமும் தளத்தைக் கழுவினோம். பாய்க் கயிற்றில் கை வைத்தால், "பழைய பாய், கிழிந்துவிடும், விடுங்கள்" என்பார் கேப்டன். ஆறு நாளில் பாய் விரிந்திருந்தது மொத்தம் நாலு மணி நேரம் இருக்கும், அதுவும் முன்பாய் மட்டும். மீதியெல்லாம் டீசல் எஞ்சின். கேப்டனுக்கு நாமே சாப்பாடு போடுவது அங்கே வழக்கம்தான், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் டீசலுக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் என்று ஆளுக்கு 250 யூரோ ரொக்கமாக வாங்கிவிட்டு, கடைசிவரை ஒரு ரசீதுகூடக் காட்டவில்லை.

ஒரு விஷயம் அப்போது சாதாரணமாகத் தெரிந்தது, இப்போது நினைத்தால் உதறுகிறது. முதல் நாள் கேப்டன் எங்கள் பாஸ்போர்ட் விவரங்களை எழுதிக்கொண்டு, "துறைமுக அதிகாரிகள் கேட்டால் எல்லாரும் நண்பர்கள், யாரும் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை என்று சொல்லுங்கள்" என்றார். அப்படி ஒருவர் சொன்னால் அங்கேயே இறங்கிவிடுங்கள். முறைப்படி பதிவு செய்து வாடகைக்கு விடுகிற படகுக்கு இந்தப் பொய் தேவைப்படாது. கடலில் ஏதாவது ஆகியிருந்தால், நாமே சொன்ன அந்தப் பொய்யைக் காட்டிக் காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்திருப்பார்கள்.

சனிக்கிழமை காலை கணக்கு முடிக்கும்போது இன்னொன்று. சேதத்துக்கான முன்பணம் ஆளுக்கு 200 யூரோ கொடுத்திருந்தோம். கேப்டன் ரப்பர் படகைத் தூக்கிக் காட்டி, பக்கவாட்டில் ஒரு கீறல், அதன்மேல் சாம்பல் நிற ஒட்டு, "இது உங்கள் வேலை, 600 யூரோ" என்றார். மச்சினன் ஒன்றும் பேசாமல் கைபேசியை எடுத்தான். முதல் நாள் சாயங்காலம் அந்த ரப்பர் படகில் உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஊரில் இருக்கிற நண்பர்களுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்திருந்தான். அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் அதே கீறல், அதே ஒட்டு. முன்பணம் திரும்ப வந்தது. நாங்கள் மீட்டது அது ஒன்றுதான். படகில் ஏறியதும் மூலைமுடுக்கெல்லாம் படம் எடுத்துவிடுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு எடுத்தாலும் சரி.

மீதிப் பணம் வராததற்கு நானும் ஒரு காரணம். கார்டில் கட்டாமல் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி என்றார்கள். அனுப்பிவிட்டேன், அதுவும் ஒரு தனி ஆளின் பெயரில் இருந்த கணக்குக்கு. கார்டாக இருந்தால் வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருந்திருக்கும். தங்குமிடம், பயணம், வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்புப் பயண விதிகள் பொருந்தும். முக்கியமான ஒன்றை முன்கூட்டியே மாற்றினால் நாம் கட்டணமின்றி விலகலாம், நிறுவனம் திவாலானால் பணத்துக்குப் பாதுகாப்பும் உண்டு. அந்த உரிமைகளைச் சொல்லும் படிவத்தைப் பணம் வாங்கும் முன்பே தர வேண்டும். எங்களுக்குத் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாங்கள் ஜெர்மனியில் இருப்பதால் ஐரோப்பிய நுகர்வோர் மையத்தில் இலவசமாகப் புகார் கொடுக்க முடிந்தது. நிறுவனம் இதுவரை அனுப்பிய ஒரே பதில், அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி.

ஆசை விடாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. மே, ஜூன் தொடக்கம், அல்லது செப்டம்பர் கடைசியில் போங்கள். ஆகஸ்ட்தான் விடுமுறை என்றால் ஏதென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிற சரோனிக் வளைகுடாவைப் பாருங்கள், மெல்தெமி அங்கே அவ்வளவு உக்கிரமாக இருக்காது. ஏயினா தீவில் அஃபாயா கோயில் இருக்கிறது, பழைய எபிதாவ்ரோஸ் துறைமுகத்தில் கட்டிவிட்டு பழங்காலத்துப் பெரிய கல் அரங்கத்துக்கு டாக்ஸியில் போய்வரலாம். தொல்லியலாளர் வருகிறார் என்றால் பெயரைக் கேளுங்கள், அவருக்கே ஒரு மின்னஞ்சல் எழுதி, "வருகிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

டெலோஸை நாங்கள் பார்க்காமல் திரும்பவில்லை. ஊர் திரும்ப இரண்டு நாள் மிச்சம் இருந்தது. ஏதென்ஸ் பக்கத்து ரஃபீனா துறைமுகத்திலிருந்து கப்பலில் மிக்கோனோஸ், மறுநாள் காலை பழைய துறைமுகத்திலிருந்து சிறு படகில் அரை மணி நேரம். காற்று அன்றைக்கென்று அடங்கியிருந்தது. நாக்ஸோஸ்காரர்கள் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் வைத்த சிங்கங்களின் வரிசை முன்னால் நின்றோம். வெயிலில் நிற்பவை நகல்கள், அசலை அருங்காட்சியகத்துக்கு மாற்றிவிட்டார்கள். "நகலாவது கண்ணில் பட்டதே" என்றார் மனைவி.

போன வாரம் அந்த நிறுவனத்தின் அடுத்த ஆண்டு விளம்பரம் வந்தது. டெலோஸ் இரவு அப்படியே இருக்கிறது, விலை மட்டும் நூறு யூரோ ஏறியிருக்கிறது. மேலே பெரிய படத்தில் என் மனைவி சுக்கானைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். லூத்ராவில் நாலு கயிறு போட்டுக் கட்டிக்கிடந்தபோது கேப்டன் எடுத்த படம். பின்னால் இருந்த துறைமுகச் சுவரை வெட்டிவிட்டார்கள்.